மரச் செதுக்கலுக்கு முதல் மெஷின்: எதைப் பார்த்து வாங்குவது?

"கார்விங் மெஷின் ஒண்ணு வேணுமுங்" என்று கோயம்புத்தூர் நஞ்சப்பா ரோட்டில் டூல்ஸ் கடைக்குப் போய்க் கேட்டால், கடைக்காரர் நான்கைந்து பெட்டிகளை எடுத்து மேசைமேல் அடுக்குவார். உள்ளங்கையில் அடங்கும் ரோட்டரி டூல் ஒன்று இருக்கும். நீள மூக்கு டை கிரைண்டர் ஒன்று இருக்கும். நாலு இஞ்ச் ஆங்கிள் கிரைண்டரும் இருக்கும். எல்லாம் சுழலும், எல்லாம் மரத்தைத் தின்னும். ஆனால் ஒன்றின் வேலையை இன்னொன்றால் செய்ய முடியாது. பெட்டிமேல் போட்டிருக்கும் வாட்ஸையும், உள்ளே எத்தனை பீஸ் இருக்கிறது என்பதையும் பார்த்து வாங்கும் மெஷின் பெரும்பாலும் பரணுக்குத்தான் போகிறது.

உளி பிடித்துக் கொஞ்சம் பழகியவர்களையும், உளியே தொடாமல் நேரே மெஷினுக்கு வர நினைப்பவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். இரண்டு பேருக்கும் வரிசை ஒன்றுதான். முதலில் வேலையை முடிவு செய்யுங்கள், அடுத்து பிட், அதற்குப் பிறகு மெஷின்.

படி 1: என்ன செதுக்கப் போகிறீர்கள்?

ஒரு தாளில் அடுத்த ஆறு மாதத்தில் செய்ய ஆசைப்படும் மூன்று பொருள்களை எழுதுங்கள். பூசை அறைக் கதவில் ஒரு தாமரை, வாசலில் மாட்ட வீட்டுப் பெயர்ப் பலகை, பல்லாங்குழி, ஒரு அடி உயரத்தில் காங்கேயம் காளை என்று எதுவாகவும் இருக்கட்டும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் இரண்டு அளவு குறியுங்கள்: எவ்வளவு மரத்தை வெட்டி எறிய வேண்டியிருக்கும், ஆக நுணுக்கமான கோடு எத்தனை மில்லிமீட்டர் அகலம் இருக்கும்.

தாமரையில் எறியப் போவது ஒரு கைப்பிடித் தூள். ஆனால் இதழ் ஓரக் கோடு ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும். காளையில் கட்டையின் பாதி தூளாகப் போகும். திமிலும் கழுத்தும் உருண்டு வர வேண்டும், கண்ணும் மூக்கணாங்கயிறும் மட்டும் நுணுக்கம். பல்லாங்குழி இவை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இந்த இரண்டு அளவுகளும் கையில் இருந்தால் மெஷின் தேர்வில் பாதி முடிந்துவிட்டது.

இன்னொன்றையும் இங்கேயே யோசித்துவிடுங்கள். ஒரே டிசைனில் பத்துக் கதவு வேண்டும் என்பது உங்கள் தேவையானால் எந்தக் கை மெஷினும் வேண்டாம். கோவையிலும் ஈரோட்டிலும் சி.என்.சி., அதாவது கம்ப்யூட்டரே ஓட்டும் செதுக்கு மெஷினில் போட்டுக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே கொடுப்பதுதான் சரி. கையால் செதுக்குவது ஒவ்வொரு துண்டும் வேறாக வர வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கானது.

படி 2: பிட்டும் அதன் தண்டும்

மரத்தைத் தொடுவது மெஷின் அல்ல, அதன் முனையில் இருக்கும் பிட். பிட்டை மெஷினில் பிடித்து வைப்பது காலெட். பிட்டின் தண்டு எத்தனை மில்லிமீட்டரோ அதே அளவு காலெட் இருந்தால்தான் பொருந்தும். கடைகளில் கிடைப்பவை முக்கியமாக மூன்று அளவு.

2.35 மி.மீ. தண்டு பல் மருத்துவர்களும் நகை ஆசாரிகளும் பயன்படுத்துவது. கண், இமை, முடி, எழுத்து ஓரம் போன்ற வேலைகளுக்கு உதவும்.

3.2 மி.மீ., அதாவது எட்டில் ஒரு இஞ்ச் தண்டு ரோட்டரி டூலுக்கானது. புதிதாகப் பழகுபவருக்கு அதிக வகை பிட் கிடைப்பது இந்த அளவில்தான். இங்கே ஒரு எச்சரிக்கை. 3 மி.மீ. தண்டுள்ள பிட்டுகளும் கடைகளில் ஏராளம். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். 3 மி.மீ. பிட்டை 3.2 காலெட்டில் போட்டு முறுக்கினால் பிடித்ததுபோல இருக்கும். நிமிடத்துக்கு 25,000 சுற்றில் ஆடத் தொடங்கும், சில நேரம் கழன்றும் பறக்கும். ஒரு வெர்னியர் காலிப்பரைக் கையோடு கொண்டுபோய் தண்டை அளந்து வாங்குங்கள்.

6 மி.மீ. தண்டு டை கிரைண்டருக்கானது. இதிலும் அதே சிக்கல் உண்டு. கால் இஞ்ச் என்பது 6.35 மி.மீ.; அமெரிக்காவிலிருந்து வரும் பிட்டுகள் பெரும்பாலும் கால் இஞ்ச். அது 6 மி.மீ. காலெட்டுக்குள் நுழையாது. தண்டைத் தேய்த்து நுழைக்கப் பார்க்காதீர்கள், அந்த அளவுக் காலெட்டைத் தனியாக வாங்குங்கள்.

அடுத்தது பிட்டின் பல். பவுண்டரியும் பம்ப் பட்டறையும் நிறைந்த ஊர் என்பதால் கோவையில் டங்ஸ்டன் கார்பைட் பர், அதாவது மிகக் கடினமான உலோகத்தில் பல் வெட்டிய பிட், எந்த டூல்ஸ் கடையிலும் கிடைக்கும். ஆனால் கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பது இரும்புக்கான டபுள் கட் பர். குறுக்கும் நெடுக்குமாக வெட்டிய சின்னச் சின்னப் பற்கள் அதில் இருக்கும். மரத்தில் வைத்தால் ஒரு நிமிடத்தில் பல்லிடுக்கு முழுக்கத் தூள் அடைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு அது வெட்டாது, தேய்க்கும்; தேய்த்த இடம் கருகும். மரத்துக்கு அகலமான பள்ளமும் ஒரே திசைப் பற்களும் வேண்டும். கடையில் "அலுமினியம் கட் பர்" என்று கேளுங்கள். அலுமினியமும் மரம் மாதிரியே பல்லில் ஒட்டும் பொருள் என்பதால் அதன் பள்ளங்களை அகலமாக வெட்டியிருப்பார்கள், மரத்துக்கும் அது நன்றாகவே நடக்கும்.

அதைவிட நல்லது முள் பர். கார்பைட் முட்கள் தனித்தனியாக நிற்கும் உருளைகள் இவை. சேபர்டூத், குட்சால் போன்ற பெயர்களில் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. விலை அதிகம்தான். ஆனால் தூள் அடைக்காது, தேக்கிலும் கூர் சீக்கிரம் போகாது. தேக்குக்குள் மணல்சத்தான சிலிகா இருக்கிறது. சாதாரண ஸ்டீல் பிட்டின் முனையை அது கொஞ்ச நேரத்தில் மழுக்கிவிடும். தேக்கில்தான் வேலை என்றால் கார்பைட் தவிர வேறெதற்கும் பணம் போடாதீர்கள்.

வைரத் தூள் ஒட்டிய டயமண்ட் பிட் மரத்தை வாரி எடுக்காது. கடைசியில் ஓரம் தீட்டவும் இறகு, முடி வரையவும் அது உதவும். "நூறு பீஸ் கிட்" பெட்டியில் பெரும்பகுதி இந்த வகை பிட், சாண்டிங் டிரம், பாலிஷ் பஞ்சு, இரும்பு வெட்டும் சின்ன டிஸ்க் ஆகியவைதான். உண்மையில் மரம் செதுக்கும் பிட் அதில் இரண்டோ மூன்றோ தேறும். கிட் இல்லாத மெஷினை வாங்கி, மிச்சப் பணத்தில் நல்ல பிட் நான்கு வாங்குங்கள்: ஒரு உருண்டை முனை, ஒரு தீச்சுடர் வடிவம், ஒரு நேர் உருளை, ஒரு கூர்முனைக் கூம்பு. முதல் ஆறு மாதத்துக்கு இந்த நான்கு போதும்.

வேகத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மரத்தை வெட்டுவது ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது) அல்ல, பிட்டின் விளிம்பு ஓடும் வேகம். 3 மி.மீ. பிட் 30,000 சுற்றில் ஓடினால் அதன் விளிம்பு வினாடிக்கு 5 மீட்டருக்கும் குறைவாகத்தான் நகர்கிறது. 100 மி.மீ. டிஸ்க் 11,000 சுற்றில் ஓடும்போது விளிம்பின் வேகம் வினாடிக்கு 57 மீட்டரைத் தாண்டும். அது மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல். சின்ன பிட்டுக்கு அதிக சுற்று ஏன் தேவை, பெரிய பிட்டை அதே சுற்றில் ஏன் ஓட்டக் கூடாது என்பதற்கெல்லாம் இந்தக் கணக்குதான் காரணம். ஒவ்வொரு நல்ல பிட்டின் உறையிலும் அதிகபட்ச ஆர்.பி.எம். போட்டிருக்கும். உங்கள் மெஷினின் வேகத்தை அதற்குக் கீழே குறைக்க முடியாவிட்டால் அந்த பிட் உங்களுக்கானது இல்லை.

படி 3: மெஷின்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

*ரோட்டரி டூல்.* டிரெமெல் என்ற கம்பெனிப் பெயரே இதன் பெயராகிவிட்டது. டிரெமெல் 3000 மாடல் 130 வாட்ஸ். டிரெமெல் 4000 மாடல் 175 வாட்ஸ், 5,000 முதல் 35,000 சுற்று வரை ஓடும். எழுத்து, சின்னப் பூ, மேலோட்டமான புடைப்பு வேலைக்குச் சரியாக இருக்கும். ஆனால் இதற்குச் சக்தி வேகத்தில்தான் இருக்கிறது, இழுவையில் இல்லை. கொஞ்சம் அழுத்தினால் சுற்று இறங்கும், மோட்டார் சூடாகும். மோட்டாரே கைக்குள் இருப்பதால் அரை மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும். இந்த வேலை நமக்குப் பிடிக்குமா என்று பார்க்க நினைப்பவர் இதில் தொடங்கலாம். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி கட்டாயம் இருக்க வேண்டும். வெறும் ஆன்-ஆஃப் மட்டும் உள்ளதைத் தொடாதீர்கள்.

*தொங்கும் மோட்டார்.* இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டும். மோட்டார் மேலே கொக்கியில் தொங்கும். அதிலிருந்து வளையும் தண்டு ஒன்று இறங்கி வரும். அதன் முனையில் பேனா பருமனுக்கு ஒரு கைப்பிடி. காலுக்குக் கீழே பெடல். தையல் மெஷின் மிதித்தவர்களுக்கு இந்தப் பெடல் உடனே பிடிபடும். மிதித்த அளவுக்கு வேகம், காலை எடுத்தால் நின்றுவிடும்.

கையில் கனம் இல்லை, சூடு இல்லை, அதிர்வும் குறைவு. வேகம் 18,000 சுற்று அளவில்தான் இருக்கும், ஆனால் இழுவை ரோட்டரி டூலைவிட நன்றாக இருக்கும். 6 மி.மீ. தண்டு வரை பிடிக்கும் பெரிய கைப்பிடியும் 2.35 மி.மீ. பிடிக்கும் மெல்லிய கைப்பிடியும் ஒரே மோட்டாரில் மாற்றி மாற்றிப் போடலாம். அமெரிக்காவின் போரடம் கம்பெனி 1922 முதல் இயங்கி வருகிறது. மரம் செதுக்குபவர்கள் இந்த வகை மெஷினுக்கு அதைத்தான் அளவுகோலாகச் சொல்வார்கள். அதை இறக்குமதி செய்தால் விலை ஏறும். ஆனால் கோயம்புத்தூர் தங்க நகைப் பட்டறைகள் நிறைந்த ஊர். டவுன்ஹால் பக்கம், ராஜவீதியை ஒட்டி நகை ஆசாரிகளுக்கான சாமான் விற்கும் கடைகளில் இந்தத் தொங்கும் மோட்டார் சாதாரணமாகவே கிடைக்கும். நகை வேலைக்கென்று வருவதால் மரவேலைக்காரர்களில் பலர் அந்தக் கடைப்பக்கம் போவதே இல்லை. போய்ப் பாருங்கள். பழுது பார்ப்பவரும், உள்தண்டும், மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தித் தேயும் கார்பன் பிரஷும் அங்கேயே கிடைக்கும் என்பது வெளிநாட்டுப் பெட்டியைவிடப் பெரிய லாபம்.

அங்கே ஒரு நகை ஆசாரி சொன்னது எனக்கு இன்றும் பயன்படுகிறது: "தம்பி, அழுத்தறது மெஷினோட வேலையும் இல்ல, உங்க வேலையும் இல்லீங். பிட்டு வெட்டோணும், நீங்க வழி காட்டோணும், அவ்வளவுதானுங்."

பூசைக் கதவுப் பூ, பெயர்ப் பலகை, உள்ளங்கை அளவு சிற்பம் என்று உங்கள் தாளில் இருந்தால் என் பரிந்துரை இதுவே. பட்ஜெட் ரோட்டரி டூலுக்குத்தான் எட்டும் என்றால், வளையும் தண்டு பொருத்தக்கூடிய மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

*மைக்ரோமோட்டார்.* பல் செட் செய்பவர்கள் வைத்திருப்பது. 35,000 சுற்றும் அதற்கு மேலும் ஓடும், கை நடுங்காது, 2.35 மி.மீ. தண்டு. நுணுக்க வேலைக்கு அருமையான கருவி. ஆனால் மரத்தை வாரி எடுக்கும் வேலையில் விட்டால் கைப்பிடி கெட்டுவிடும். முதல் மெஷினாக வேண்டாம், இரண்டாவதாக வாங்கலாம்.

*டை கிரைண்டர்.* 6 மி.மீ. காலெட், 25,000 சுற்றுக்கு மேல், 400 வாட்ஸ் அளவு சக்தி. வார்ப்புக்கு மர பேட்டர்ன் (அச்சு எடுக்கும் மாதிரி) செய்யும் பட்டறைகளிலும், வார்ப்பின் பிசிர் தட்டும் இடங்களிலும் இதைப் பார்க்கலாம். பேட்டர்ன் பட்டறையில் தெரிந்தவர் இருந்தால் ஒரு மத்தியானம் பக்கத்தில் நின்று பாருங்கள். வளைவுகளுக்குள் பரை எப்படி நகர்த்துகிறார்கள், எப்போது தூக்குகிறார்கள் என்பதைப் பார்த்தாலே நிறையப் புரியும். பல்லாங்குழி, ஆழமான புடைப்புச் சிற்பம், காளையின் கால் இடுக்கு ஆகியவற்றுக்கு இதுதான் பொருத்தம். இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், மரம் கட்டாயம் கிளாம்பில் இருக்க வேண்டும். விலை குறைந்த மாடல்களில் வேகக் கட்டுப்பாடு இருக்காது. மரத்துக்கு அது இல்லாமல் முடியாது.

*ஆங்கிள் கிரைண்டர்.* கரூர் பஸ் பாடி பட்டறையிலிருந்து நாமக்கல் லாரி பட்டறை வரை எங்கும் இருப்பது இது. மலிவு, எந்த ஊரிலும் ரிப்பேர் செய்யலாம். காளையின் பெருவடிவம், மரக் கிண்ணம், முக்காலியின் குழிந்த இருக்கை என்று மரத்தை மளமளவென்று எடுக்க இதற்கு இணை இல்லை. புதியவரின் கையைப் பதம் பார்ப்பதிலும் இதற்கு இணை இல்லை. அதனால் இதை நிதானமாகப் படியுங்கள்.

நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 100 மி.மீ. மெஷின், அதாவது நாலு இஞ்ச். இதன் டிஸ்க்குக்கு நடு ஓட்டை 16 மி.மீ. வெளிநாட்டு மரச் செதுக்கல் டிஸ்க்குகள் பல 115, 125 மி.மீ. மெஷினுக்காக 22 மி.மீ. ஓட்டையோடு வருகின்றன. வாஷர் வைத்து ஒப்பேற்றினால் டிஸ்க் நடுமையம் தப்பிச் சுற்றும். எந்த டிஸ்க் வாங்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்து, அதற்கு ஏற்ற மெஷினை வாங்குங்கள்.

மரத்துக்கு ஏற்றது கார்பைட் முள் பதித்த வட்டம். அது மரத்தைக் கவ்வாமல் சுரண்டும். செயின்சா சங்கிலியைச் சுற்றிய டிஸ்க்கும் விற்கிறார்கள், வேகமாக வெட்டுவதைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். ஒரு பல் மரத்தில் சிக்கினால் மெஷின் மொத்தமாக முகத்தை நோக்கி எகிறும். புதியவர்கள் அதை வாங்கவே கூடாது. மரம் அறுக்கும் நாலு இஞ்ச் பல் பிளேடை ஆங்கிள் கிரைண்டரில் மாட்டுவதும் அதே அளவு ஆபத்து. பட்டறைகளில் அப்படி மாட்டி, டிஸ்க்கை மறைக்கும் கார்டையும் கழற்றிவிட்டு அறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்துப் பழகாதீர்கள். கார்டும் பக்கவாட்டுக் கைப்பிடியும் எப்போதும் மெஷினில் இருக்க வேண்டும். சுவிட்சும் அழுத்திப் பிடித்தால் மட்டும் ஓடும் வகையாக இருக்கட்டும். தள்ளிவிட்டால் பூட்டிக்கொள்ளும் சுவிட்ச், மெஷின் கையை விட்டுப் போனாலும் ஓடிக்கொண்டே இருக்கும்.

திருமுருகன்பூண்டியில் கல் சிற்பிகள் கிரைண்டர் பிடிப்பதைப் பாருங்கள். கால் அகட்டி நிற்பதும், முழங்கை உடம்போடு ஒட்டியிருப்பதும், டிஸ்க்கின் நேர்கோட்டில் முகத்தை வைக்காததும் மரத்துக்கும் அப்படியே பொருந்தும். ஆனால் அவர்களுடைய டயமண்ட் டிஸ்க் கல்லுக்கானது, மரத்தைக் கருக்கத்தான் செய்யும்.

*அதிரும் உளி.* சுழலாமல் முன்னும் பின்னும் குத்தும் வகை. மரத்தில் அழுத்தினால்தான் உளி குத்தும், எடுத்தால் நிற்கும். தூள் பறக்காது, சீவல்தான் விழும், சத்தமும் குறைவு. உளி வேலை தெரிந்து, மூட்டு வலியால் சுத்தியல் பிடிக்க முடியாதவர்களுக்கு இது பெரிய உதவி. உளியின் கூர் தீட்டத் தெரியாதவர் வாங்கிப் பயனில்லை.

படி 4: கடையில் செய்ய வேண்டிய சோதனை

பெட்டியைப் பிரிக்க விடாத கடையில் வாங்க வேண்டாம். பிளக்கில் மாட்டுவதற்கு முன் சுழலும் தண்டை விரலால் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கடகடவென்று ஆட்டம் இருக்கக் கூடாது. பிறகு நேரான ஒரு பிட்டைப் போட்டு, குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு முனையைப் பக்கவாட்டிலிருந்து கவனியுங்கள். முனை ஒரே புள்ளியாகத் தெரிந்தால் நல்லது. மங்கலான வளையமாக விரிந்து தெரிந்தால் தண்டோ காலெட்டோ கோணல். பிட்டை மாற்றிப் பாருங்கள், அப்போதும் வளையம் வந்தால் அந்த மெஷினை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். கோணல் உள்ள மெஷினில் எவ்வளவு நல்ல பிட் போட்டாலும் வெட்டு அலையலையாகத்தான் வரும்.

ஐந்து நிமிடம் ஓடிய பிறகு மூக்குப் பகுதியைத் தொடுங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு கூடாது. கார்பன் பிரஷ் மூடியைத் தனியாகத் திருகிக் கழற்ற முடிகிறதா என்று பாருங்கள். பிரஷ் மாற்ற மெஷினையே பிரிக்க வேண்டிய மாடலை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பழைய மெஷின் வாங்கினால் காற்றுத் துளை வழியாக உள்ளே பாருங்கள். சின்ன நீலப் பொறி இயல்பு. வட்டமாகச் சுற்றி எரியும் பொறி என்றால் மோட்டாரின் சுழலும் பகுதியான ஆர்மேச்சர் கெட்டுக்கொண்டிருக்கிறது.

அமெரிக்காவிலிருக்கும் சொந்தக்காரர் வாங்கி வருகிறார் என்றால் பிளேட்டில் உள்ள வோல்டேஜைப் படிக்கச் சொல்லுங்கள். அங்கே 120 வோல்ட், நமக்கு 230 வோல்ட். நேரடியாக மாட்டினால் மோட்டார் புகைந்துவிடும். பல்லடம், சோமனூர் பக்கம் தறி ஓடும் தெருக்களில் வோல்டேஜ் இறங்கும் நேரம் இருந்தால், அந்த நேரத்தில் மெஷினின் இழுவையும் குறையும். அப்போது அழுத்தி ஈடுகட்டப் பார்க்காமல் வேலையை நிறுத்துங்கள்.

படி 5: மெஷினோடு சேர்த்து வாங்க வேண்டியவை

கையில் இருக்கும் பணத்தில் பாதிக்கு மேல் மெஷினுக்குப் போகக் கூடாது. மீதி பிட்டுக்கும் இந்தப் பட்டியலுக்கும் வேண்டும்: முகம் முழுக்க மூடும் ஷீல்டு, என்95 மாஸ்க், காதுக்கு மஃப், இரண்டு நல்ல கிளாம்ப்.

மாஸ்க்கைப் பற்றி விளையாட்டாக நினைக்காதீர்கள். மரத்தூளை 1995-லேயே உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. உளியில் விழும் சீவல் தரையில் கிடக்கும். மெஷினில் வரும் தூளோ பல மணி நேரம் காற்றில் நிற்கும். தேக்குத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கொண்டுவரும், ஈட்டியும் அப்படித்தான். வாகையை அறுத்தால் தும்மல் நிற்காது என்பது நம் பக்கத்து மர மில்லில் எல்லோருக்கும் தெரிந்தது. கைக்குட்டை கட்டிக்கொள்வது எதையும் தடுக்காது. வாசல் திண்ணையிலோ திறந்த கொட்டகையிலோ உட்காருங்கள். டேபிள் ஃபேனை உங்கள் தோளுக்குப் பக்கமாக வைத்து, தூள் உங்களைத் தாண்டி வெளியே போகும்படி காற்றை விடுங்கள்.

வேட்டி, லுங்கி, தோளில் துண்டு, துப்பட்டா எதுவும் மெஷின் பக்கத்தில் ஆகாது. துணி நுனி பிட்டில் பட்டால் அப்படியே சுருட்டிக்கொண்டு மெஷின் உடம்பை நோக்கி ஏறும். நூல் கையுறையும் அதே காரணத்தால் வேண்டாம். மடியில் ஒரு தோல் ஏப்ரன் போட்டுக்கொண்டால் நல்லது.

படி 6: முதல் மரம், முதல் வெட்டு

பழக விலை கொடுத்துத் தேக்கு வாங்க வேண்டாம். கதவு செய்யும் பட்டறையில் துண்டு கேட்டாலே கொடுப்பார்கள். என் முதல் தேர்வு நன்றாகக் காய்ந்த குமிழ். இழை ஒரே சீராக இருக்கும், பர் வழுக்கிக்கொண்டு போகும். அடுத்தது வேம்பு. வேம்பின் இழை முன்னும் பின்னுமாகப் பின்னியிருப்பதால் உளி வைத்தால் பெயர்ந்து வரும்; ஆனால் சுழலும் பர் இழையின் திசையைப் பார்க்காது. கை உளிக்கு அடங்காத மரங்கள் மெஷினுக்கு அடங்குவது இந்த வேலையின் பெரிய வரம். பொள்ளாச்சிப் பக்கம் எளிதாகக் கிடைக்கும் தென்னைக் கட்டையைத் தொடக்கத்தில் தவிருங்கள். வெளிப்புறம் இரும்பாகவும் உள்ளே பஞ்சாகவும் இருப்பதால் பிட் ஒரே சீராகப் போகாது. ஈர மரமும் வேண்டாம், பிட்டில் அப்பிக்கொள்ளும். சந்தனத் துண்டு யாராவது மலிவாகக் கொடுக்க வந்தால், உரிய ரசீதும் அனுமதியும் இல்லாமல் கையில் வாங்காதீர்கள். மரங்களின் இழையை அருகருகே வைத்துப் பார்க்க ஆசையிருந்தால், கோவையில் 1902-ல் தொடங்கப்பட்ட காஸ் வன அருங்காட்சியகத்துக்குப் போய்வாருங்கள். அங்கே மர மாதிரிகள் வைத்திருக்கிறார்கள்.

இப்போது வெட்டு. மெஷினின் பின்பக்கமிருந்து பார்த்தால் பிட் கடிகார முள் திசையில் சுற்றுகிறது. வலது கையில் பேனாபோலப் பிடித்து, பிட் இடப்பக்கம் நீட்டியிருக்க, உங்களை நோக்கி இழுங்கள். இப்போது பிட் சுழற்சிக்கு எதிராகப் போகிறது, கட்டுக்குள் இருக்கும். அதே பிடியில் வெளிப்பக்கமாகத் தள்ளினால் பிட் சக்கரம்போல உருண்டு தானாக ஓடப் பார்க்கும். புதியவர்களின் முதல் கீறல்கள் எல்லாம் இந்தத் திசையில்தான் விழுகின்றன. இடது கைக்காரர்களுக்கு இது தலைகீழ்: உங்களை நோக்கி இழுக்கும்போதுதான் பிட் ஓடி வரும். அதனால் தள்ளி வெட்டுங்கள். எதிர்த்திசையிலும் சுற்றக்கூடிய தொங்கும் மோட்டாரும் முள் பரும் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. வெட்டுப் பல் உள்ள பர் எதிர்த்திசையில் வெட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

முதல் துண்டுக்குப் பல்லாங்குழியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு இஞ்ச் கனப் பலகையில் பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு வட்டம் வரையுங்கள். ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் டிரில்லால் ஒரு ஓட்டை. எவ்வளவு ஆழம் வேண்டுமோ அங்கே டிரில் பிட்டில் டேப் ஒட்டிக்கொண்டால் எல்லாம் ஒரே ஆழம் வரும். பிறகு உருண்டை முனை பரால் நடுவிலிருந்து வெளியே, வட்டம் வட்டமாக மெல்லிய அடுக்குகளாக எடுங்கள். அடியில் டிரில் தடம் மறையும் நேரத்தில் நிறுத்திவிடுங்கள். குழி சரியா என்று பார்க்க ஒரு கை புளியங்கொட்டையைப் போட்டு விரலால் வழியுங்கள். எங்கும் தட்டாமல் கொட்டைகள் மேலேறி வர வேண்டும். தட்டும் இடத்தில் பென்சிலால் குறி வைத்து, அங்கே மட்டும் பரை ஓட்டுங்கள். பதினான்காவது குழியைப் போடும்போது உங்கள் கையே வேகத்தையும் அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளும்.

இடையில் புகை வாசனை வந்தால் மூன்றில் ஒன்று காரணம்: பிட் அடைத்திருக்கிறது, வேகம் அதிகம், அல்லது அழுத்துகிறீர்கள். அடைத்த பிட்டை மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பித்தளைக் கம்பி பிரஷால் தேயுங்கள். நன்றாகத் துடைத்துக் காய்ந்த பிறகே மெஷினில் மாட்டுங்கள்.

படி 7: மெஷினைப் பார்த்துக்கொள்வது

ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் காற்றுத் துளைகளில் பிரஷ் போட்டுத் தூளைத் தட்டுங்கள். பிட்டைக் காலெட்டிலேயே விட்டு வைக்காமல் கழற்றிவிடுங்கள். தொங்கும் மோட்டாரில் வளையும் தண்டைச் சின்ன வட்டமாக மடக்கக் கூடாது. கொக்கியின் உயரத்தை, கைப்பிடி மரத்தைத் தொடும்போது தண்டு பெரிய வளைவாக இறங்கும்படி வையுங்கள். சுமார் ஐம்பது மணி நேர வேலைக்கு ஒருமுறை உள்தண்டை உருவி, பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு, புதிதாக மெல்லியதாகத் தடவுங்கள். அதிகம் பூசினால் அது கைப்பிடிக்குள் இறங்கி, அங்கிருந்து மரத்தில் சொட்டும். எண்ணெய்க் கறை பட்ட இடத்தில் பாலிஷ் ஏறாது.